நூறு எண்ணுவதற்குள் ஓர் அறை

முன்பு அது வாழைத்தார் ஏற்றிய வண்டி. ஊரில் எல்லோரும் குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. நான் வாங்கியபோது அதன் தரையில் வாழைப்பால் கறை இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பின்புறம் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைச்சலான அகலம். இந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு மனிதன் எவ்வளவு மடத்தனத்தை ஏற்ற முடியும் என்று கேட்டால், எடை போட்டுச் சொல்லும் தகுதி இந்த ஜில்லாவில் எனக்குத்தான் உண்டு.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். ஓய்வு நேரத்தில் சிரிப்புக் கட்டுரைகள் எழுதுவேன். என் வகுப்பில்தான் பிள்ளைகள் சிரிப்பார்கள். கட்டுரையைப் படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எங்கள் வீட்டில் சொற்கள் என் பொறுப்பு, எண்கள் அவள் பொறுப்பு. முக்கியமான எதையும் நாங்கள் இரண்டு பேரும் சொற்களில் பேசிக்கொண்டதில்லை என்பதால் என் இலாகாவில் வேலை குறைவு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி வந்தது. கதிர் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் கதிர் அதோடு நிற்காமல் பக்கத்தில் இருந்ததையும் சுட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியாது. அவசரம் என்று ஒன்று வந்தால் உடனே போக வேண்டும்.

"எவ்வளவு நேரம் தாங்குதும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"நூறு எண்ணுற வரைக்கும்" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார். மருந்து கொடுத்தார். மருந்தால் நூறு நூற்றைந்தாகக்கூட ஆகவில்லை.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து கழிப்பறைக்குப் பன்னிரண்டு. மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து நாற்பத்தொன்று. தெருமுனைக் காய்கறி வண்டியிலிருந்து எண்பத்தெட்டு; அதனால் காய்கறி வண்டி வரைக்கும் போவாள், எடை போடுகிறவர் பேச்சுக் கொடுத்தால் கத்திரிக்காயை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அதிலிருந்து அவள் உலகம் அந்தக் காய்கறி வண்டியோடு முடிந்தது. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை. யாராவது கேட்டால் "கொஞ்சம் உடம்பு முடியல" என்பாள். என்ன முடியவில்லை என்று அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடிய நோய்கள், சொல்லக்கூடாத நோய்கள் என்று நம் ஊரில் இரண்டு வகை இருக்கின்றன. சர்க்கரையைப் பந்திக்கு நடுவில்கூட அறிவிக்கலாம். இதைச் சொல்ல முடியாது.

இந்த நிலையில் அவளுடைய அக்காள் புருஷன் ஸ்ரீவைகுண்டத்தில் இறந்துபோனார். ஒரே அக்காள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டில் துக்கம் கேட்க, போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். துட்டி வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் உள்ளே நுழைந்ததும் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்தக் கட்டிக்கொள்ளல்தான் துட்டி. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆண்களெல்லாம் கணக்கில் வரமாட்டோம்.

நான் தனியாகப் போனேன். மனைவி வரவில்லை. நூறு பேர் கூடிய அந்த வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை, அதன் வாசலிலும் வரிசை. மனைவியின் அக்காள், எனக்கு மதினி, என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனில் தங்கையிடம் சொன்னாள்: "எல்லாரும் வந்தாக. நீ மட்டுந்தான் வரல." அதற்குப் பிறகு அவளாகப் போன் செய்யவே இல்லை.

அந்தப் போன் வந்த அன்றைக்கு ராத்திரி மனைவி சாப்பிடவில்லை. "வருஷத் திதிக்காவது போகணும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. அப்போதுதான் எனக்கு வண்டி யோசனை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வேனுக்குள் வீடு கட்டிக்கொண்டு திரிவதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். படித்தவனுக்கு வரும் கேடு இது: காரணம் சரியாகத்தான் இருக்கும், செயல் புத்தகத்திலிருந்து வந்துவிடும். ஒரு நோட்டு வாங்கி, வண்டிக்குள் வேண்டியவை என்று தலைப்புப் போட்டு இருபத்துமூன்று எழுதினேன். கழிப்பறை அதில் பதினான்காவது. முதலாவது, மடக்கு மேசை.

வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை தச்சநல்லூர்ப் பக்கம் ஒன்று இருந்தது. அதை நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மகள்கள் இரண்டு பேரும் என் மனைவியிடம் கணக்குப் படித்தவர்கள். அந்த வகையில் பழக்கம். நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன வே வாத்தியாரே, வாழைத்தார் யாவாரமா?"

"இல்ல அண்ணாச்சி. உள்ள படுக்க, உக்கார எல்லாம் வச்சுக் கட்டணும். சும்மா ஊர் சுத்தத்தான்."

"ஊர் சுத்த பஸ் இருக்கு, ரயில் இருக்கு. தார் ஏத்துற வண்டியில படுத்துக்கிட்டா போவாவ?"

"புஸ்தகம் எழுதலாம்னு ஒரு எண்ணம்."

"அதுக்கு வீட்டுல நாக்காலி இல்லையோ?"

நான் சிரித்து வைத்தேன். காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் இரண்டு பேர் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சரக்கு லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் உடம்பைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசுவதாவது என்று நினைத்து, நோட்டை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பட்டறையில் நான் தெரிவு செய்தேன். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. தெரிவு செய்வது எவ்வளவு போதையானது என்பதை என் பாடத்தில் நடத்தியிருக்கிறேன், அனுபவித்தது அப்போதுதான். சுவருக்கு நடுவில் சூடு இறங்காமல் தெர்மோகோலா, கண்ணாடிப் பஞ்சா? மைக்கா தேக்கு நிறமா, வெள்ளையா? மெத்தை ரெக்சினா, துணியா? கூரையில் சோலார் தகடு ஒன்றா, இரண்டா? மேசையை மடக்கும் கீலுக்காக மட்டும் மூன்று கடை ஏறி இறங்கினேன். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுப்பில்தான் நின்றார்.

"அடுப்ப அக்கினி மூலையில வைக்கணும் வே."

"ஓடுற வண்டியில அக்கினி மூலை எது அண்ணாச்சி?"

"கெழக்கப் பாத்து நிக்கையில எதுவோ, அது."

"திருச்செந்தூர் போகும்போது கெழக்கு. திரும்பி வரும்போது மேக்குல்லா?"

கொஞ்சம் யோசித்தார். "வரும்போது சமைக்காதேரும்."

பதினான்காவதுக்கு வந்தபோது அவர் குரல் தணிந்தது. "இது என்னத்துக்கு? ரோடு நெடுக பெட்ரோல் பங்கு இருக்கு, ஓட்டல் இருக்கு. ஆம்பளைக்கு என்ன?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. வேணும்."

"வேணும்னா வச்சிருவோம். ஆனா அடுப்பும் படுக்கையும் இருக்க எடத்துல அதத் தொறந்துவிடக் கூடாது. பின்னாடி மூலையில அடைச்சு, கதவ வெளியப் பாத்து வச்சிருதேன். எறங்கிப் போய் ஏறிக்கிட வேண்டியதான்."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அது புறவாசலைத் தாண்டி, கிணற்றையும் தாண்டி இருந்தது. இன்றைக்கு அண்ணாச்சி வீட்டிலும் என் வீட்டிலும் படுக்கையறைக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. ஆனால் அவை யாரோ கட்டி விற்ற வீடுகள். இது நாங்கள் யோசித்துக் கட்டுவது; ஆகவே முறைப்படி இருக்க வேண்டும். ஒரு டீ ஆறுவதற்குள் இரண்டு ஆண்கள் அதை முடிவு செய்தோம். கதவு வெளியே போய்விட்டதால் உள்பக்கச் சுவர் காலியாக இருந்தது. அந்த இடத்தில் புத்தக அலமாரி வைக்கச் சொன்னேன். வண்டி குலுங்கினாலும் புத்தகம் விழாமல் இருக்கத் தட்டுக்குத் தட்டு ஒரு பித்தளைக் கம்பி. அந்தக் கம்பிகளைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம்.

சரக்கு வண்டி என்று இருந்த பதிவை மாற்றும் காகிதங்களும் ஒருவழியாக வந்து சேர்ந்தன. வண்டி வீட்டு வாசலில் நின்றது. மனைவி வந்து பார்த்தாள். மேசையை விரித்துக் காட்டினேன், மடக்கிக் காட்டினேன். மின்விசிறியைச் சுழலவிட்டேன். பின்பக்கம் கூட்டிப்போய்ச் சின்னக் கதவைத் திறந்து காட்டினேன். கழற்றிக் கழுவும் தொட்டியோடு சுத்தமாக இருந்தது. அவள் தரையிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் இருந்த உயரத்தைப் பார்த்தாள். இரும்புப் படியைப் பார்த்தாள். முன் சீட்டு இருக்கும் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவள். தப்பான கணக்கைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

திதிக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஒத்திகை மாதிரி சீவலப்பேரி வரைக்கும் போய்வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். அவள் என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிக்காற்று பட்டது. "நடவு முடிஞ்சிருக்கு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "கொக்கு நிறைய இருக்கு" என்றாள். ஒரு மாதத்தில் அவள் பேசியதைவிட அந்த நாலு மைலில் அதிகம் பேசினாள்.

பிறகு அவள் கை முன்னால் இருந்த பலகையைப் பிடித்தது. "நிறுத்துங்க."

உடனே நிறுத்தியிருக்கலாம். நான் நிழலாக, அகலமாக ஓர் இடம் தேடினேன். ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி நிறுத்தினேன். அவள் இறங்கி வண்டியின் நீளத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினாள். அந்தக் கதவுக்கு நான் பூட்டுப் போட்டிருந்தேன், திருடனுக்குப் பயந்து. சாவி வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. வண்டியை அணைத்து, சாவியைப் பிடுங்கி, நானும் ஓடினேன். அந்த ரோட்டில் ஒரு வண்டிதான் தாராளமாகப் போக முடியும். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. டவுன் பஸ் ஆரன் அடித்தது. முன் கண்ணாடியிலும் பக்கத்துச் சன்னல்களிலும் முகங்கள்.

"அண்ணாச்சி, வண்டிய ஓரங்கட்டும் வே" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"இது என்ன லே, ரேசன் வண்டியா?" என்றது ஒரு குரல்.

"இல்ல லே, ஆஸ்பத்திரி வண்டி மாதிரில்லா இருக்கு."

வளையத்தில் சரியான சாவியைத் தேடியதில் பூட்டு உடனே திறக்கவில்லை. திறந்தபோது படி அவளுக்கு உயரமாக இருந்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் கால் வைக்கும் உயரத்தில் அதை விட்டுவைத்திருந்தோம். ஒரு கையால் கதவையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்து, அத்தனை கண்களுக்கும் முன்னால் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏறும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. நான் வண்டியை ஓரமாக நகர்த்த, பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. என் தோள் துண்டைக் கதவு இடுக்கு வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். வயலையும் பார்க்கவில்லை, கொக்கையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"நூத்திப் பதினாறு" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

நான் போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். எதிரே பித்தளைக் கம்பி போட்ட அலமாரி. அதற்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை. கட்டிலிலிருந்து கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். கதவு இருக்க வேண்டிய இடத்தில் நான் புத்தகம் அடுக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பினேன். "நீங்க போக வேண்டாம். அவுகள இங்கன வரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். மனைவி அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். இவுக சொல்லியிருக்க மாட்டாக" என்று ஆரம்பித்தாள். கரும்பலகையில் எழுதி வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். என்ன நோய், எங்கே வந்தது, என்ன சிகிச்சை, அதற்குப் பிறகு என்ன. எதற்கும் வேறு சொல் தேடவில்லை. நூறு, நூற்றுப் பதினாறு, இரண்டையும் சொன்னாள். நான் எதிர் வீட்டுக் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி டீக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

அவள் முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "இத மொதல்லயே ஏன் வே சொல்லல?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வண்டிக்குப் போனார். பின்னாலேயே போனாள் இவள். கையில் ஒரு சாக்பீஸ்.

"கைப்பிடி வலப்பக்கம் வேணுமா டீச்சர், எடப்பக்கமா?" என்று அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ஆறுதலாக அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு பக்கமும் வையுங்க. வண்டி ஆடும்லா."

வாழைக்கறைத் தரையில் அவள் மண்டியிட்டுக் கோடு போட்டாள். அலமாரி இருந்த இடத்தில் கதவு. கீலில் திறக்கிற கதவு வேண்டாம், தள்ளு கதவு. உட்காரும் இடம் அதற்கு எதிரே, பெல்ட்டோடு. அங்கிருந்து கதவுக்கு எத்தனை என்று எழுந்து நடந்து எண்ணிப் பார்த்தாள். "நாலு" என்றாள். கட்டிலைக் குறைத்தாள். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினாள்.

"அடுப்பு?" என்றார் அண்ணாச்சி.

"அது வேண்டாம். வீட்டுல சமைக்கது போதும்."

அக்கினி மூலை விவகாரம் அதோடு தீர்ந்தது. மடக்கு மேசையும் போயிற்று. அலமாரியைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

"சன்னல் எந்தப் பக்கம் டீச்சர்?"

"எடப்பக்கம். ஸ்ரீவைகுண்டம் போகையில ஆறு அங்கனதான வரும்."

"திரும்பி வரையில வலப்பக்கம் போயிருமே?"

"போகும்போது பாத்தாப் போதும்."

அவர் தலையைச் சொறிந்தார். "உள்ள இருந்துக்கிட்டு நிறுத்தச் சொல்லணுமே, போன் அடிப்பியளா?"

"போன் அடிச்சா இவுக எடுக்கவா போறாக."

பட்டறையில் பிரித்துப் போட்ட பழைய பஸ்ஸிலிருந்து ஒரு மணி கிடந்ததாம். கயிற்றை இழுத்தால் டிரைவர் காதுக்குப் பக்கத்தில் அடிக்கும். அதை வைத்துவிடலாம் என்றார். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். டவுன் பஸ்ஸில் போன யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத்தனை நாள் ஆகும் அண்ணாச்சி? இன்னைக்கிருந்து பதினோராம் நாள் திதி."

அவர் விரல் விட்டு எண்ணினார். இருந்த சுவரை அறுக்க வேண்டும். வெளிக்கதவை அடைக்க வேண்டும். தொட்டியை மாற்ற வேண்டும். காகிதத்தையும் திருத்த வேண்டும். "இருவது ஆகும் டீச்சர். அவசரத்துல வெல்டு வச்சா வழியில விட்டுரும்."

அவள் சாக்பீஸ் மாவை விரலிலிருந்து தட்டிவிட்டாள். "சரி. இருவதே ஆகட்டும்."

முதல் தடவையே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் திதிக்கு வண்டி தயாராக இருந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திதி அன்றைக்குக் காலையில் அக்காளுக்குப் போன் செய்தாள். பத்து நாள் கழித்து வருகிறேன் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது: "சரிட்டி. ஒனக்குத் தோதுப்படும்போது வா."

திதி முடிந்து பத்தாம் நாள் கிளம்பினோம். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் தனியாக. செய்துங்கநல்லூர் தாண்டி ஒருதரம் மணி ஒன்று அடித்தது. அந்த இடத்திலேயே நிறுத்தினேன், நிழல் தேடவில்லை. பின்னால் வந்த பைக்குகள் தாண்டிப் போயின. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை, ஓரமாக நிற்கிற ஒரு வண்டி. பிறகு மணி இரண்டு அடித்தது. கிளம்பினேன். ஸ்ரீவைகுண்டத்துப் பாலத்தின் நடுவில் மறுபடியும் ஒன்று அடித்தது. பாலத்தில் நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடினேன். அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி போகுது பாருங்க" என்றாள்.

அணையைத் தாண்டிப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் ஆரன் அடித்தார்கள். நான் ஓடிப்போய் வண்டியை எடுத்தேன்.

மதினி வீட்டில் வெள்ளை அடித்திருந்தது. வருஷம் முடிந்துவிட்டதால் துக்கம் கழிந்தது என்று, மகனுக்கு வியாழக்கிழமை நிச்சயம் வைத்திருந்தார்கள். வாசலில் மாவிலை கட்டியிருந்தது. மதினி நடை வரைக்கும் வந்தாள். "வா" என்றாள். கையை நீட்டவில்லை. உள்ளே என் சகலையின் படத்துக்குப் பூப் போட்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் என் மனைவியின் வாய் கோணியது. அழுகை வரப்போகிறது என்று தெரிந்ததும் மதினி அவசரமாகச் சொன்னாள்:

"இப்ப அழக்கூடாதுட்டி. வியாழக்கெழம விசேஷம் வச்சிருக்கு. அழுகுறதுக்கு உண்டான நாளெல்லாம் போயிட்டு."

மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். உட்கார்ந்தோம். உள்ளே சமையல்காரர்கள் பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். காப்பி வந்தது. வெளியே போனால் எதையும் குடிக்காத பழக்கத்தில், அவள் டம்ளரைத் தொடாமல் இருந்தாள்.

"எங்க வீட்டுல காப்பிகூடக் குடிக்க மாட்டியோ?" என்றாள் மதினி.

மனைவி டம்ளரைப் பார்த்தாள். எழுந்தாள். "அக்கா, வண்டியப் பாக்க வா."

"நான் வண்டி பாக்கவா இங்க இருக்கேன்?"

"ஒரு நிமிசம் வா."

மதினி முனகிக்கொண்டே வந்தாள். படியைத் தணித்து வைத்திருந்ததால் ஏறச் சிரமம் இல்லை. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மனைவி பின்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இது என்னட்டி, குளுகுளுன்னு?" என்றது மதினி குரல். பிறகு தள்ளு கதவு உருளும் சத்தம். "அய்ய, இது எதுக்கு வண்டிக்குள்ள?"

மனைவி பேசினாள். என்னென்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தத் தொனி தெரியும். அண்ணாச்சியிடம் பேசிய அதே தொனி, வரிசையாக, கரும்பலகையில் எழுதி வாசிக்கிற மாதிரி.

"ஏட்டி" என்றாள் மதினி. "இதையா எங்கிட்ட நீ சொல்லல?"

பிறகு அழுகை எழுந்தது. யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. துட்டி வீட்டு அழுகை. கட்டிக்கொண்டு அழும்போது மட்டும் வரும் ஏற்ற இறக்கம். செத்தவர் பேரைச் சொல்லி மதினி அழுதாள். அக்கா, அக்கா என்று இவள் அழுதாள். வீட்டுக்குள் அழக்கூடாத ஒரு வருஷத்து அழுகையையும் அந்த ஏழடிக்குள் அழுதார்கள். வண்டி லேசாக ஆடியது. நான் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கல்யாணப் பையன் வாசலுக்கு வந்து, "சித்தப்பா, அம்மா எங்க? மாலைக்காரங்க வந்திருக்காங்க" என்றான்.

"வண்டி பாக்காவ. இப்ப வந்துருவாவ."

அவன் வண்டியைப் பார்த்தான். சத்தத்தையும் கேட்டிருப்பான். திரும்பி உள்ளே போய்விட்டான்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு பேரும் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீர் பாதிக்குமேல் காலியாகியிருந்ததைப் பின்னால் பார்த்தேன். மதினி நேரே வீட்டுக்குள் போய், "இந்தக் காப்பி ஆறிட்டு, வேற போட்டுக் கொண்டாங்க" என்றாள். என் மனைவி குடித்தாள். இன்னொரு அரை டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கிளம்பும்போது மனைவி ஒன்றும் சொல்லாமல் வண்டிக்குள் ஏறினாள். துட்டி கேட்க வந்தவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்குத் துக்கம் மறுபடி வரவேண்டும் என்று கேட்பது மாதிரி ஆகிவிடும். எத்தனை விசேஷம் வந்தாலும் அவள் வந்தது துட்டிக்குத்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், முப்பது வருஷப் பழக்கத்தில், வண்டிக் கதவைத் திறந்துகொண்டே சொன்னேன்:

"அப்ப போயிட்டு வாரோம் மதினி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வாசலில் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்குள் இருந்தவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டாள்.

மதினி நடையை விட்டு இறங்கி வந்தாள். இடப்பக்கத்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "வியாழக்கெழம ரெண்டு பேரும் வாங்க. இவள வண்டியோட இங்கன வாசல்லயே நிறுத்துங்க. பந்தல இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுதேன்."

நான் ஏறி உட்கார்ந்து வண்டியை உசுப்பினேன். கியர் போடாமல் காத்திருந்தேன். காதுக்குப் பக்கத்தில் மணி இரண்டு அடித்தது.